பிஎஸ்எல்இ முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லையா? முதல் மாலையிலிருந்து ஜனவரிவரை பெற்றோர் செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நவம்பர் பிற்பாதியில் பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வருகிறது. 2024இல் அது நவம்பர் 20ஆம் தேதி வந்தது. அன்றிலிருந்து உயர்நிலைப்பள்ளித் தெரிவுகளைச் சமர்ப்பிக்கப் பெற்றோருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரே வாரம். முடிவு மனசுக்கு ஒப்பவில்லை என்றால், அந்த வாரத்தின் முதல் பாதி வருத்தத்திலும் வாக்குவாதத்திலும் போய்விடும். மீதிப் பாதியில் அவசர அவசரமாக ஆறு பள்ளிகளை நிரப்பி அனுப்புவார்கள். வந்த புள்ளியை இனி மாற்ற முடியாது. ஆனால் அதே புள்ளியை வைத்துக்கொண்டு நல்ல பொருத்தமான பள்ளியைப் பிடிப்பதும் நழுவவிடுவதும் இந்த ஏழு நாளில்தான் இருக்கிறது. பிள்ளை இந்தத் தேர்வை எப்படி நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறது என்பதும் பெரும்பாலும் இதே நாள்களில் முடிவாகிவிடும்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் நாள் பிள்ளைக்கு. பள்ளித் தெரிவுப் படிவம் இரண்டாம் நாளிலிருந்து.

முதல் மாலை

முடிவுத்தாளைப் பிள்ளை தன் தொடக்கப்பள்ளியில் வாங்குகிறது. நீங்கள் பக்கத்தில் நின்றால், தாளைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் முகத்தைத்தான் அது பார்க்கும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் எண்ணைவிட அம்மா அப்பாவின் முகம்தான் 'நல்லதா கெட்டதா' என்று சொல்கிறது. அதனால் அங்கே சொல்ல வேண்டியதை முந்தைய நாளே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக இருந்தால் போதும்: 'வாங்கிட்டியா? சரி, வா, முதல்ல சாப்பிடப் போகலாம். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.' இதையும் மிகை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டாம். 'சூப்பர், ரொம்ப நல்லா பண்ணியிருக்கே' என்று பொய்யாகப் பாராட்டினால் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். பிறகு நீங்கள் உண்மையாகப் பாராட்டும்போதும் நம்பாது.

பிள்ளை அழுதால் அழட்டும். 'இதுக்கெல்லாம் அழலாமா' என்று நிறுத்தாதீர்கள். சில பிள்ளைகள் அழாமல் சிரித்து விளையாடுவார்கள். 'இவனுக்குக் கொஞ்சமாவது கவலை இருக்கா பாரு' என்று பெற்றோர் கொதிப்பது இங்கேதான். அந்தச் சிரிப்பு பெரும்பாலும் பயத்தை மூடும் போர்வை. இரண்டு நாள் கழித்துத்தான் அது உடையும். அப்போது பக்கத்தில் இருங்கள்.

அன்று மாலை மூன்று பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். முதலாவது, 'போன வருஷம் டியூஷனுக்கு எவ்வளவு செலவு பண்ணினோம் தெரியுமா?' இரண்டாவது, 'உன் ஃபிரெண்டுக்கு எவ்வளவு?' மூன்றாவது, கணவன் மனைவி ஒருவரை ஒருவர் குறை சொல்வது. மூன்றாவதுதான் பிள்ளையை மிக ஆழமாகக் காயப்படுத்துகிறது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பிள்ளை, வீட்டில் நடக்கும் சண்டைக்குத் தான்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடும். உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தால் அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. 'எனக்கும் கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உன்மேல கோபம் இல்லை' என்று சொல்லிவிடுங்கள். உள்ளதைச் சொன்னால் பிள்ளைக்கும் பேச வாய் வரும்.

உறவினர் விஷயத்துக்கும் அன்றே ஒரு வழி செய்யுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மதியத்திலிருந்தே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் பாட்டிக்கு இந்த முறையே புரியாது. அங்கே மதிப்பெண் கூடினால் நல்லது. இங்கே மொத்தப் புள்ளி நான்கு என்றால் உச்சம், முப்பத்திரண்டு என்றால் கடைசி. '19தானா? எத்தனைக்கு?' என்று வீடியோ அழைப்பில் பிள்ளையிடமே கேட்டால், அதற்கு விளக்கம் சொல்லும் வேலையும் பிள்ளை தலையில் விழும். அம்மாவோ அப்பாவோ ஒரே செய்தியாக எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்: 'ரிசல்ட் வந்திருக்கு, உயர்நிலைக்குத் தகுதி பெற்றாச்சு. பள்ளி முடிவானதும் சொல்றோம். அதுவரைக்கும் புள்ளி பத்தி அவகிட்ட கேக்க வேண்டாம், ப்ளீஸ்.' எண்ணைச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தாளைச் சரியாகப் படிப்பது

முடிவுத்தாளில் மதிப்பெண் வருவதில்லை. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் அடைவுநிலை மட்டும் வரும். அதைத்தான் எல்லாரும் ஏஎல் என்கிறோம். அதன் எல்லைகள்:

ஏஎல்1: 90ம் அதற்கு மேலும்
ஏஎல்2: 85–89
ஏஎல்3: 80–84
ஏஎல்4: 75–79
ஏஎல்5: 65–74
ஏஎல்6: 45–64
ஏஎல்7: 20–44
ஏஎல்8: 20க்குக் கீழ்

இந்தப் படிகள் ஒரே அகலத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏஎல்2, 3, 4 ஒவ்வொன்றும் ஐந்தே மதிப்பெண் அகலம். ஏஎல்5 பத்து மதிப்பெண். ஏஎல்6 இருபது. அதனால்தான் 'வருஷம் முழுக்க உழைச்சும் கணக்குல அதே ஏஎல்6தானே' என்ற ஏமாற்றம் இவ்வளவு வீடுகளில் வருகிறது. 46இலிருந்து 63க்கு ஏறிய பிள்ளை உண்மையில் பெரிய முன்னேற்றம் கண்டிருக்கிறது, ஆனால் தாளில் ஒரு மாற்றமும் தெரியாது. 79 வாங்கிய பிள்ளைக்கும் 80 வாங்கிய பிள்ளைக்கும் அறிவில் வேறுபாடே இல்லை, தாளில் ஒரு ஏஎல் வேறுபாடு. பள்ளி ஆண்டு முழுதும் கொடுத்த தேர்வுத்தாள்களை வெளியே எடுத்துப் பாருங்கள். பிள்ளை எந்தப் படியில் எங்கே நின்றது என்பதை அவை காட்டும். முன்னேற்றம் இருந்தால் அதைப் பிள்ளையிடம் விரல் வைத்துக் காட்டுங்கள். வெறும் ஆறுதலைவிடக் கண்ணால் பார்க்கும் சான்றை அது நம்பும்.

வழக்கமான நிலையைவிட எளிதான அடிப்படைநிலைப் பாடம் எடுத்த பிள்ளைகளுக்கு ஏஎல் ஏ, பி, சி என்று வரும். 75ம் அதற்கு மேலும் எடுத்தால் ஏ, 30–74 பி, அதற்குக் கீழே சி. மொத்தம் கூட்டும்போது ஏ-வை 6ஆகவும், பி-யை 7ஆகவும், சி-யை 8ஆகவும் எடுத்துக்கொள்வார்கள்.

நான்கு பாடங்களின் ஏஎல்களைக் கூட்டினால் வருவதுதான் மொத்தப் புள்ளி. எடுத்துக்காட்டாக: ஆங்கிலம் 4, தமிழ் 3, கணிதம் 6, அறிவியல் 6. மொத்தம் 19. இந்தப் பிள்ளையைக் கட்டுரை முழுக்கக் கூடவே வைத்துக்கொள்வோம்.

பழைய முறையில், அதாவது பெற்றோர் பலர் எழுதிய காலத்தில், பிள்ளையின் புள்ளி மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. இப்போது அப்படி இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை நன்றாக எழுதியதால் உங்கள் பிள்ளையின் ஏஎல் குறையவில்லை. இதைப் பெற்றோர் முதலில் நம்ப வேண்டும். பழைய கணக்கை மனதில் வைத்து ஒப்பிடும் பழக்கம்தான் இன்னும் போகவில்லை.

ஒரு பாடத்தின் முடிவு உண்மையிலேயே நம்ப முடியாத அளவு விலகியிருந்தால், மறுபரிசீலனைக்கு எப்படி விண்ணப்பிப்பது, கெடு என்ன என்று தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் அன்றே கேட்டுவிடுங்கள். ஆனால் அது வரட்டும் என்று பள்ளித் தெரிவைத் தள்ளிப்போடக் கூடாது. கையில் இருக்கும் புள்ளியை வைத்தே பட்டியலைத் தயார் செய்யுங்கள்.

புள்ளி எந்தக் கதவைத் திறக்கிறது

எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகள் 2024 உயர்நிலை 1 மாணவர்களிலிருந்து இல்லை. அவற்றின் இடத்தில் மூன்று போஸ்டிங் குரூப்கள் இருக்கின்றன. மொத்தம் 4 முதல் 20 வரை குரூப் 3. 21, 22 என்றால் குரூப் 2 அல்லது 3, நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 23, 24 குரூப் 2. 25 என்றால் குரூப் 1 அல்லது 2. 26 முதல் 30 வரை, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஎல்7 அல்லது அதைவிட நல்ல நிலை இருந்தால், குரூப் 1.

இந்தக் குரூப் பள்ளியில் சேர்வதற்கும் தொடக்கத்தில் எந்த நிலையில் பாடம் படிப்பது என்பதற்கும் மட்டுமே. உள்ளே போனதும் பாடங்கள் எளிதிலிருந்து கடினம்வரை ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று நிலைகளில் நடக்கும். வகுப்பறை மூன்று குரூப் பிள்ளைகளும் கலந்தது. ஓவியம், இசை, உடற்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவுக் கல்வி, குடியியல் ஆகிய ஆறு பாடங்களை எல்லாரும் சேர்ந்தே படிப்பார்கள்.

ஏமாற்றத்தில் இருக்கும் பெற்றோர் பலர் தவறவிடும் விதி இதுதான். குரூப் 1, 2 பிள்ளைகள் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய பாடங்களில், வழக்கமான நிலைப் பாடத்தில் ஏஎல்5 அல்லது அதைவிட நன்றாக வாங்கியிருந்தால், அந்தப் பாடத்தை உயர்நிலை 1 தொடக்கத்திலேயே ஜி3இல் படிக்கலாம். ஏஎல்6 வாங்கியிருந்தால், அல்லது அடிப்படைநிலையில் ஏஎல் ஏ இருந்தால், குரூப் 1 பிள்ளை அதை ஜி2இல் படிக்கலாம். மொத்தம் 24 வாங்கி, தமிழில் மட்டும் ஏஎல்4 வைத்திருக்கும் பிள்ளை தமிழை ஜி3இல் படிக்கும். மொத்த எண்ணைப் பார்த்து 'எல்லாம் போச்சு' என்று உட்காருவதற்கு முன், தாளில் இருக்கும் நான்கு வரியையும் தனித்தனியாகப் பார்த்து, எது எந்த நிலைக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும்போது பிள்ளையும் கூட இருக்கட்டும்.

2027 முதல் ஓ நிலை, என் நிலைத் தேர்வுகளின் இடத்தில் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளை படித்த ஜி நிலையில் எழுதும்.

ஆறு தெரிவுகள்: இங்கேதான் தவறுகள் நடக்கின்றன

படிவத்தில் ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தி, எஸ்1 இணையவாசலில் சிங்பாஸ் மூலம் சமர்ப்பிக்க வேண்டும். இணையத்தில் சிரமம் என்றால் தொடக்கப்பள்ளி உதவும். கடைசி நாள் மாலை வரை காத்திருக்காதீர்கள்.

இடம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். முதலில் பார்க்கப்படுவது புள்ளி. ஒரு பள்ளியை ஆறாவதாகப் போட்ட 18 புள்ளிப் பிள்ளை, அதே பள்ளியை முதலாவதாகப் போட்ட 19 புள்ளிப் பிள்ளைக்கு முன்னால் இடம் பெறும். கடைசி இடத்துக்குப் புள்ளி சமமாக இருக்கும் பிள்ளைகள் போட்டியிட்டால் மட்டுமே அடுத்த அளவுகோல்கள் வருகின்றன. அவற்றில் முதலாவது குடியுரிமை: சிங்கப்பூர்க் குடிமக்கள், பிறகு நிரந்தரவாசிகள், பிறகு வெளிநாட்டு மாணவர்கள். இரண்டாவது, அந்தப் பள்ளியை எத்தனையாவது தெரிவாகப் போட்டார்கள் என்பது. மூன்றாவது, கணினிக் குலுக்கல்.

நிரந்தரவாசிக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். நம் தமிழ்க் குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. உங்கள் பிள்ளையின் புள்ளி ஒரு பள்ளியின் கட்-ஆஃபுக்குச் சரியாகச் சமமாக இருந்தால், அந்தப் பள்ளி கிட்டத்தட்ட உறுதி என்று எண்ணிவிடாதீர்கள்.

கட்-ஆஃபைக் கல்வி அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டர் பக்கத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் குரூப் வாரியாக முந்தைய ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளின் புள்ளி வரம்பு இருக்கும். '14–19' என்றிருந்தால் 19தான் கட்-ஆஃப், கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளி. அந்த உயர்நிலைப்பள்ளியோடு இணைந்த தொடக்கப்பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வரம்பு தனியாக இருக்கும், அதைத் தவறுதலாக உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த எண்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்று ஏறியிறங்கும்.

இப்போது நம் 19 புள்ளிப் பிள்ளைக்கு வருவோம். பட்டியல் இப்படி அமையலாம்:

முதல் தெரிவு: கட்-ஆஃப் 18 உள்ள, பிள்ளை மிகவும் விரும்பும் பள்ளி
இரண்டாவது: கட்-ஆஃப் 19
மூன்றாவது: கட்-ஆஃப் 19
நான்காவது: கட்-ஆஃப் 20
ஐந்தாவது: கட்-ஆஃப் 21
ஆறாவது: கட்-ஆஃப் 22, வீட்டுக்கு அருகில்

முதல் இடத்தில் கட்-ஆஃப் 18 இருக்கும் பள்ளியைப் போடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அங்கே இடம் கிடைக்காவிட்டால் அடுத்த தெரிவில் புள்ளிக்குரிய உரிமை அப்படியே இருக்கும். ஆனால் இப்படி ஒரு இடத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஆறில் நான்கைக் கனவுப் பள்ளிகளால் நிரப்பிவிட்டு, மீதி இரண்டும் நழுவினால், காலியிடம் எங்கே இருக்கிறதோ அந்தப் பள்ளியில் பிள்ளை சேர்க்கப்படும். அப்போது உங்கள் விருப்பம் ஒரு பொருட்டே இல்லை. புள்ளி சமமாக வரும் பள்ளிகள் மேலே இருக்கட்டும். சமநிலையில் தெரிவு வரிசை கணக்கில் வருவதால் அவற்றை ஐந்தாவது இடத்தில் போட்டால் பயன் குறையும். உங்கள் பிள்ளையின் புள்ளி கட்-ஆஃபைவிட நல்லதாக இருக்கும் பள்ளிகள் குறைந்தது இரண்டு மூன்று பட்டியலில் இருக்க வேண்டும். கல்வி அமைச்சும் இதையே சொல்கிறது.

தொடக்கப்பள்ளி இணைப்புப் பள்ளியாக இருந்தால், அதோடு இணைந்த உயர்நிலைப்பள்ளியை முதல் தெரிவாகப் போட்டால் மட்டுமே முன்னுரிமை. இரண்டாவதாகப் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். ஆண்டுதோறும் சில குடும்பங்கள் இதில் ஏமாறுகின்றன.

பள்ளியைத் தேர்வு செய்யும்போது எண்ணுக்கு அப்பால் மூன்றைப் பாருங்கள். பயண நேரம்: வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை, காலை 6.30 மணிக்குப் பேருந்தில் அல்லது ரயிலில் போய்ப் பாருங்கள். 45 நிமிடத்தைத் தாண்டினால், இணைப்பாட நடவடிக்கை முடிந்து வரும் நாள்களில் பிள்ளை இரவு ஏழுக்குமேல்தான் வீடு சேரும். இணைப்பாட நடவடிக்கை: பிள்ளைக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்று, கால்பந்தோ நடனமோ ரோபாட்டிக்சோ, அங்கே இருக்கிறதா? ஏமாற்றத்தோடு புதுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே தான் தெரிந்த ஒன்றைச் செய்யும் இடம் கிடைப்பது பெரும் பலம்.

மூன்றாவது, தமிழ். எல்லா உயர்நிலைப்பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு நடப்பதில்லை. அப்படிப்பட்ட பள்ளி என்றால் பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகு உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ அருகிலுள்ள வேறு பள்ளி நிலையத்துக்கோ போய்ப் படிக்க வேண்டியிருக்கும். கெட்டது என்று சொல்லவில்லை. அங்கே நல்ல ஆசிரியர்களும் வேறு பள்ளிகளின் தமிழ் நண்பர்களும் கிடைப்பார்கள். ஆனால் அந்தப் பயணத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஸ்கூல்ஃபைண்டரில் பள்ளி கற்பிக்கும் தாய்மொழிகளைப் பார்த்துவிடலாம். தமிழில் ஏஎல்1 அல்லது 2 இருந்தால், மொத்தப் புள்ளி சுமாராக இருந்தாலும், உயர்தமிழ் எடுக்க வழி உண்டா என்று சேரும் பள்ளியிடம் கேட்காமல் விடாதீர்கள்.

21, 22, 25 வாங்கியவர்களுக்கு

இந்த மூன்று புள்ளிகளில் நிற்பவர்களுக்கு ஒரு கூடுதல் முடிவு இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் யோசிக்காமலே மேல் குரூப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் கருத்து வேறு.

22 வாங்கிய பிள்ளை குரூப் 3இல் போனால், எல்லாப் பாடமும் பெரும்பாலும் ஜி3இல் தொடங்கும். பள்ளித் தெரிவும் சுருங்கும், ஏனென்றால் அந்தக் குரூப்பில் அதுதான் கடைசிப் புள்ளி. அதே பிள்ளை குரூப் 2ஐத் தேர்ந்தெடுத்தால், அந்தக் குரூப்பில் அதன் புள்ளி வரிசையின் முன்னே நிற்கும். குரூப் 3 வழியாக எட்டவே முடியாத பள்ளி குரூப் 2 வழியாகக் கிடைக்கலாம். தமிழ் 4, ஆங்கிலம் 5, கணிதம் 6, அறிவியல் 7 என்று அமைந்த 22 என்றால் குரூப் 2இல் சேர்ந்து, தமிழையும் ஆங்கிலத்தையும் ஜி3இல், மற்ற இரண்டையும் ஜி2இல் படிப்பது பிள்ளைக்கு மூச்சுவிட இடம் தரும். பின்னால் கணிதத்தில் தேறினால் ஜி3க்கு மாற வாய்ப்பு உண்டு. நான்கு பாடமும் 5, 5, 5, 6 என்று சீராக அமைந்த 21 என்றால் குரூப் 3 தாங்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு குரூப்பிலும் போட முடியாது. ஆறு தெரிவும் ஒரே குரூப்பின்படிதான். அதனால் இரு பட்டியலையும் எழுதிப் பார்த்து, எது பிள்ளைக்குப் பொருந்தும் என்று தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியரிடமும் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். வருஷம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்தவர் அவர்.

உயர்நிலைக்குத் தகுதி கிடைக்கவில்லை என்றால்

தொடக்கநிலை 6ஐ மறுபடி படிப்பது, அல்லது நார்த்லைட் பள்ளி, அசம்ப்ஷன் பாத்வே பள்ளி ஆகியவற்றில் சேர்வது என்ற வழிகளைப் பள்ளி உங்களிடம் பேசும். இந்த இரு பள்ளிகளும் கைத்தொழில் பயிற்சியோடும் சிறு வகுப்புகளோடும் நடக்கின்றன. அங்கிருந்து தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போக வழி இருக்கிறது. மறுபடி எழுதுவது பிள்ளைக்கு உதவுமா என்பது, தோல்வி நோயாலோ குடும்பச் சூழலாலோ வந்ததா, இல்லை பாடமே எட்டாமல் போனதா என்பதைப் பொறுத்தது. முதல் வகை என்றால் இன்னோர் ஆண்டு பயன் தரும். இரண்டாம் வகை என்றால் அதே பாடத்தை அதே முறையில் இன்னோர் ஆண்டு படிப்பதால் பிள்ளை இன்னும் சோர்ந்துபோகலாம். பள்ளியைப் பெற்றோரும் பிள்ளையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிள்ளையின் மனநிலையைக் கவனிக்க வேண்டிய நாள்கள்

ஒரு வாரம் முகம் வாடியிருப்பது இயல்பு. இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் கெட்டிருந்தால், சாப்பாடு குறைந்திருந்தால், நண்பர்களின் அழைப்பை எடுக்காமல் அறைக்குள்ளேயே இருந்தால், வயிற்றுவலி தலைவலி என்று அடிக்கடி சொன்னால் அதைச் 'செல்லம்' என்று தள்ளாதீர்கள். பள்ளி விடுமுறையானாலும் தொடக்கப்பள்ளி அலுவலகத்தை அழைத்து ஆலோசகரைக் கேளுங்கள். தொடக்கநிலை வயதுப் பிள்ளைகள் தாங்களே பேசுவதற்கு டிங்கிள் ஃபிரெண்ட் சேவை இருக்கிறது: 1800 2744 788. 'நான் இல்லாமலே போயிருக்கலாம்' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் தாமதிக்காதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவிச் சேவையான எஸ்ஓஎஸ் 1767 இருபத்திநான்கு மணி நேரமும் திறந்திருக்கும், மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. அப்படிப்பட்ட வார்த்தை வரும்போது நேராகவே கேளுங்கள்: 'செத்துப்போகணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காமல் விட்டால்தான் பிள்ளை தனியாக அதைச் சுமக்கும்.

டிசம்பர்: இடம் தெரிந்த பிறகு

டிசம்பர் பிற்பாதியில் எந்தப் பள்ளி என்று தெரியும். குறுஞ்செய்தியிலும் எஸ்1 இணையவாசலிலும் வரும். பிள்ளை புதுப் பள்ளிக்குப் போய்ப் பதிந்து, புத்தகம், சீருடை வாங்க வேண்டிய நாளும் உடனே வந்துவிடும்.

கிடைத்த பள்ளி பிடிக்கவில்லை என்றால், நீங்கள் விரும்பும் பள்ளிக்கு மாற்றம் கேட்டு முறையிடலாம். ஆனால் பிள்ளையின் புள்ளி அந்தப் பள்ளியின் இந்த ஆண்டுக் கட்-ஆஃபை எட்டியிருக்க வேண்டும். கடுமையான மருத்துவக் காரணம் போன்றவை தனி. 19 வைத்துக்கொண்டு கட்-ஆஃப் 17 உள்ள பள்ளி வாசலில் நிற்பதால் நேரமும் பிள்ளையின் மானமும்தான் போகும். முறையீடு நடக்கும்போதே கிடைத்த பள்ளியில் பதிவு செய்துவிடுங்கள், இடத்தைக் கைவிடாதீர்கள். பிள்ளை முன்னால் அந்தப் பள்ளியை இழிவாகப் பேசவும் வேண்டாம். ஜனவரியில் அதே வாசலுக்குள் போகப் போவது அதுதான்.

படிப்பு விஷயத்தில், முடிவு வந்த மறுநாளே துணைப்பாட நிலையத்தில் பணம் கட்டுவது மிகப் பரவலான தவறு. எந்தப் பாடத்தில் என்ன ஓட்டை என்று தெரியாமலே கட்டும் பணம் அது. பிள்ளைக்கோ அது தண்டனையாகத்தான் தெரியும். முதல் இரண்டு வாரம் முழு ஓய்வு. பிறகு டிசம்பர் நடுவிலிருந்து பள்ளி திறக்கும்வரை வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும்.

எங்கே தொடங்குவது என்பதற்கு இந்த வழி நன்றாக வேலை செய்யும்: ஆண்டு முழுதும் எழுதிய கணிதத் தாள்களில் தவறான கேள்விகளை மட்டும் வெட்டி எடுத்து, மூன்று உறைகளில் போடுங்கள். ஒன்றில் கவனக்குறைவு, அதாவது கூட்டலில் தவறு, கேள்வியைப் பாதி படித்தது, அலகு எழுதாமல் விட்டது. இரண்டாவதில் வழி தெரியாத கேள்விகள். மூன்றாவதில் நேரம் போதாமல் விட்டவை. ஏஎல்6 பிள்ளைகளிடம் பெரும்பாலும் இரண்டாம் உறைதான் தடிக்கும். அதிலும் பின்னம், விகிதம், விழுக்காடு ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நீள்கேள்விகள். இவற்றைச் சரிசெய்யாமல் உயர்நிலை 1க்குப் போனால் இயற்கணிதத்தில் தடுமாறும், ஏனென்றால் பின்னத்தில் வரும் தயக்கமே அங்கே எழுத்தின் வடிவில் திரும்ப வரும். முதல் உறை தடிமனாக இருந்தால் புது வகுப்பு எதுவும் தேவையில்லை; நாளுக்கு ஐந்து கேள்வி, ஒவ்வொன்றையும் முடித்ததும் விடையைக் கேள்வியில் திரும்ப வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் போதும். மூன்றாம் உறை தடித்தால், தெரிந்த எளிய கேள்விகளை மணி வைத்துச் செய்யும் பயிற்சி.

அறிவியலில் பெரும்பாலும் மதிப்பெண் போவது விளக்கி எழுதும் பகுதியில். பிள்ளைக்கு விடை தெரியும், ஆனால் காரணத்தின் நடுக் கண்ணியை விட்டுவிடும். 'தண்ணீர் வற்றியது, வெயில்' என்று முடித்துவிடும். வெப்பம் கூடியதால் நீர் வேகமாக ஆவியானது என்ற இடைப்படி எழுத்தில் இருக்காது. சமையலறையில் நடப்பதை வைத்தே 'எது, ஏன், அதனால் என்ன' என்று மூன்று வரி எழுதப் பழக்குங்கள்.

தமிழில் வாய்மொழிக்கு ஐம்பது மதிப்பெண், மொத்தம் இருநூறில். அது வீட்டில் பேசுவதால் மட்டுமே வளர்வது. இரவுச் சாப்பாட்டின்போது பதினைந்து நிமிடம் தமிழில் மட்டும் பேசுங்கள். திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். தமிழ் முரசில் ஒரு செய்தியை உரக்கப் படித்து 'நீ என்ன நினைக்கிற?' என்று கேளுங்கள்.

துணைப்பாடம் வேண்டுமென்று தெரிந்த பிறகு சேர்க்க நினைத்தால் முதலில் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் ஸ்டெப் வகுப்புகளைப் பாருங்கள். இந்தியச் சமூகப் பிள்ளைகளுக்காகக் கட்டணச் சலுகையோடு நடக்கும் வகுப்புகள் அவை, உயர்நிலை மாணவர்களும் சேரலாம். எந்த இடமானாலும் ஒரு பாடத்தோடு தொடங்குங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் போட்டால் ஜனவரியில் பிள்ளை புதுப் பள்ளிக்குள் களைத்துப்போய்த்தான் நுழையும்.

ஜனவரி முதல் மார்ச்வரை

முதல் மாதம் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். நண்பர் ஒருவராவது கிடைத்தாரா, இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறது, எந்த ஆசிரியரைப் பிடிக்கிறது என்று கேளுங்கள். அரையாண்டுத் தேர்வுகளைக் கல்வி அமைச்சு நிறுத்திவிட்டதால் ஆண்டின் முதல் பாதியில் சிறு மதிப்பீடுகள்தான் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வரும் முதல் மதிப்பீட்டுத் தாளைப் பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே 'என் பிள்ளை எப்படி இருக்கான்?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'கணிதத்தை ஜி2இலிருந்து ஜி3க்கு மாற்ற எந்த மதிப்பெண் வேண்டும், எப்போது பார்ப்பீர்கள்?' என்று கேளுங்கள். அல்லது 'ஜி3 அறிவியல் சுமையாகத் தெரிகிறது, நிலையை மாற்றுவது பற்றி எந்தக் கட்டத்தில் பேசலாம்?' என்று கேளுங்கள். பதிலில் வரும் தேதியையும் மதிப்பெண்ணையும் அங்கேயே குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் காட்டிவிடுங்கள்.